சென்றாயன் தலையாட்டிய வண்டி

ஏறுங்க சார், ஏறுங்க. நான் கம்பத்துக்குத்தான் போறேன். உங்க பஸ்சு இனி நாளைக்குத்தான் கெளம்பும், அந்த டிரைவர் மொகரையப் பாத்தாலே தெரியுது. பையை மடியில வச்சுக்கங்க. பின்னாடி போட்டுறாதீங்க, பூராம் பூவாக் கெடக்கு.

ஆமா சார், பொண வண்டிதான். அதுக்கு எதுக்குக் கதவோட ஒட்டுறீங்க? ஆளை எறக்கியாச்சு. வெறும் வண்டியாத்தான் திரும்புறேன். போறப்ப ஒருத்தரு, வாரப்ப ஒருத்தரு. நீங்க பேச்சுத் தொணைக்கு ஆவீங்க, அவரு ஆக மாட்டேன்னுட்டாரு.

மேல கம்பி இருக்கு பாருங்க, அதைக் கெட்டியாப் புடிங்க. ஸ்பீடு பிரேக்கர் வருது.

ம்... "ஆத்தாடி"ன்னுட்டீங்களா. எல்லாரும் அதான் சொல்றது. இடுப்பா? செத்த நேரத்துல சரியாப் போயிரும். சரியாப் போகலைன்னா கம்பத்துல ஒரு கட்டுப் போடுற வைத்தியர் இருக்காரு.

உங்க இடுப்பு மேலயும் தப்பில்ல, ரோட்டு மேலயும் தப்பில்ல. பின்பக்கத்து ஸ்பிரிங்குதான். நம்ப மாட்டீங்க, இந்தப் பள்ளத்தாக்கு முழுக்க இந்த வண்டி மாதிரி மெத்துன்னு போன பின்பக்கம் எந்த வண்டிக்கும் இருந்ததில்ல. நான் செஞ்சது சார், இந்தக் கையால செஞ்சது. அப்புறம் நானே கெடுத்தேன். கெடுத்ததை மட்டும் ஊருக்குள்ள ஒருத்தன்கிட்டயும் சொன்னதில்ல. எம் பொண்டாட்டிக்கே தெரியாது. நீங்க கம்பத்துல எறங்குனா இந்தப் பக்கம் திரும்ப வருவீங்களா? வர மாட்டீங்கல்ல? அப்பச் சொல்லலாம்.

இது ஏலத்தோட்டத்து ஜீப்பு சார். பிக்கப்பு. எழுபத்தொண்ணாம் வருசத்து மாடல். மலைக்கு மேல உரமூடையும் ஏலக்கா மூடையும் ஏத்தி எறக்குன வண்டி. அதுக்குத் தக்கன பின்னாடி பட்டையை அடுக்கிருந்தாங்க. பட்டைன்னா தெரியுமா? நீளநீளமா இரும்புத் தகடு, ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி நடுவுல போல்ட்டுப் போட்டு முடுக்கிருக்கும். லோடு இருந்தா அது வளைஞ்சு குடுக்கும். லோடு இல்லைன்னா அது பாட்டுக்கு வெறைச்சுக்கிட்டு நிக்கும், மாமியா வீட்டுக்குப் போன மாப்பிள்ளை கணக்கா. தோட்டத்துக்காரங்க புது வண்டி வாங்குனப்ப இதை நான் வாங்கிட்டேன். நான் மெக்கானிக்கு. பேரு குருவையா. ஓட்டுறதும் நான்தான்.

வாங்குன கையோட ஊருல ஒரு சாவு. பாடை தூக்க ஆளில்ல. எளவட்டம் பூராம் திருப்பூருல பனியன் தைக்கிது. குருவையா, உன் வண்டியில வச்சுக் கொண்டு போயிருவமான்னாங்க. சரின்னேன். அங்கதான் தொழிலே ஆரம்பிச்சது.

ஆனா பொணம் என்ன எடை இருக்கும்? மூடை ஏத்துன வண்டிக்கு அது ஒரு எடையா? எங்க பக்கம் பொணத்தைப் படுக்க வைக்க மாட்டோம் சார். சேருல உக்கார வச்சு, மாலை போட்டு, பட்டு வேட்டி கட்டி, தொரை மாதிரித்தான் அனுப்புவோம். நெஞ்சுல ஒரு கட்டு, நெத்தியில ஒரு கட்டு, ரெண்டையும் சேரோட சேத்து இறுக்கிருவோம். இந்த வண்டி ஸ்பீடு பிரேக்கருல ஏறுச்சுன்னா சேரு, மாலை, ஆளு எல்லாம் ஒரு மொழம் மேல போயிட்டு வரும். ஒரு தடவை அய்யர்சாமின்னு ஒரு பெரியவரு. மேட்டுல ஏறி எறங்குனதும் கையி ரெண்டும் மேல தூக்கிருச்சு. அவரு சம்சாரம் "உசுரு இருக்கு, எம்புருசனுக்கு உசுரு இருக்கு"ன்னு போட்ட சத்தத்துல கொட்டுக்காரங்க கொட்டைப் போட்டுட்டு ஓடிட்டாங்க. அப்பிடியே ஆஸ்பத்திரிக்குத் திருப்புனோம், மாலையோட. டாக்டர் பாத்துட்டு எல்லாரையும் விட்டுட்டு என்னையத்தான் வஞ்சாரு.

அன்னையிலருந்து எழுப்புற வண்டின்னு பேராச்சு. கம்பத்துக்காரன் ஒருத்தன் கண்ணாடியெல்லாம் போட்டுப் புது வேனு எறக்குனான். சாவு பூராம் அவன்கிட்டப் போயிருச்சு. ஊருக்குள்ள பெருசுக ஒவ்வொண்ணாப் போகுது, நான் வாசல்ல நின்னு வேடிக்கை பாக்குறேன். எப்பிடி இருக்கும்? எனக்கு ரோசம் வந்துருச்சு.

புடிங்க, புடிங்க, கம்பியப் புடிங்க. இது சின்ன மேடுதான்.

ஜாக்கி போட்டுப் பின்பக்கத்தைத் தூக்குனேன் சார். யூ போல்ட்டைக் கழட்டி, ஸ்பிரிங் கட்டை எறக்கி, பட்டை பட்டையாப் பிரிச்சேன். தடிமனான பட்டையெல்லாம் ஒதுக்கிட்டு, மெல்லிசா நாலஞ்சை மட்டும் எடுத்து, ஒண்ணுக்கொண்ணு உரசாம நல்லா வழவழன்னு தேச்சு, கிரீஸ் தடவி அடுக்குனேன். முனையில தொங்குற கொக்கியக் கொஞ்சம் நீளமாக்குனேன். பழைய காரு ஒண்ணுல இருந்து ஷாக் அப்சார்பர் எடுத்து மாட்டுனேன். அது கொஞ்சம் தளந்த ஷாக்குதான். அதான் சூச்சுமமே. புது ஷாக்குன்னா வெட்டுனாப்புல நிப்பாட்டிரும். இதுன்னா தொட்டிலாட்டம் ரெண்டு மூணு ஆட்டு ஆடித்தான் நிக்கும்.

எம் பொண்டாட்டி முத்துப்பேச்சிய, சேருல செத்த உக்காரு, ஓட்டிப் பாக்குறேன்னேன். "ஏய்யா, உசுரோட என்னைய அந்தச் சேருல உக்காரச் சொல்றியா, உனக்கு நல்ல எண்ணமே வராதா"ன்னு வெளக்கமாத்த எடுத்துட்டா. அதனால ஒரு தவிட்டு மூடைய உக்கார வச்சு, மேல தலைக்குப் பதிலா ஒரு தேங்காயக் கட்டித் தெருத்தெருவா ஓட்டுனேன். ஒரு குதி இல்ல சார்! மேட்டுல ஏறி எறங்குனா தேங்கா மட்டும் ஆமா, ஆமா, ஆமான்னு மெதுவா ஆடுச்சு. எனக்கு அழுகையே வந்துருச்சு. நம்ம கையால ஒரு வேலை இப்பிடி அமையிறது வாழ்க்கையில ஒருக்காத்தான்.

அந்தச் சமயத்துலதான் ரைஸ்மில் சென்றாயன் செத்தாரு.

பெரிய மனுசன். ஊரு நெல்லு பூராம் அவரு மில்லுலதான் அரையும். ஆனா ஒருத்தனையும் நல்லாருக்குடான்னு சொன்ன வாயி கெடையாது. அவரு மில்லு மோட்டாரை நான் எத்தனையோ தடவை சரி பண்ணிக் குடுத்திருக்கேன், "ஓடுதா? சரி போ" அம்புட்டுத்தான். அவருக்கு ஒத்தை மக. சுருளியம்மா. புருசன் செத்து வந்த பொண்ணு, அப்பன் படுக்கையில விழுந்த நாளையிலருந்து மில்லை அதுதான் ஓட்டுச்சு. தலையில துண்டைக் கட்டிக்கிட்டு, கையெல்லாம் தவிடா, பெல்ட்டு அந்துபோனாக்கூட அதுவே மாட்டிப்புடும்.

ஆம்பளப் பிள்ளை இல்லையா? அண்ணன் மகன் தங்கமாயன் வந்து நின்னுட்டான், நான்தான் கொள்ளி வைப்பேன்னு. கொள்ளி வச்சா கருமாதியன்னைக்கு மாமன்மாருக அவன் தலையில உருமாத் துண்டு கட்டுவாங்க. இனிமே இந்த வீட்டுக்கு இவன்தான்னு ஊருக்குக் காட்டுறது அது. அப்புறம் மில்லு யாருக்கு? நீங்க சட்டம்பீங்க. சட்டம் வந்து நெல்லரைக்குமா சார்? பங்காளிக பூராம் சேந்து இனி இந்த மில்லுக்கு நெல்லைக் கொண்டு போகாதீகன்னு ஒரு வார்த்தை சொன்னா, அந்தப் பொண்ணு மோட்டாரப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்க வேண்டியதுதான்.

தூரத்துச் சொந்தம் வரணும்னு ஒண்ணரை நாளு போட்டு வச்சிருந்து எடுத்தோம். வெறைப்பெல்லாம் விட்டுப்போச்சு. பின்னாடி வர்ற சனத்துக்கு மொகம் தெரியிறாப்புல அவரைத் திருப்பி உக்கார வச்சிருந்தாங்க. வீதியெல்லாம் வண்டி தண்ணியில போற மாதிரிப் போகுது. ஒருத்தனாவது சொல்லணுமே, குருவையா என்னமாப் போகுது வண்டின்னு? ம்ஹூம்.

ஊரு எல்லையில மில்லு. அங்கனதான் பொம்பளைக நின்னுக்கிறணும், அதுக்கு மேல சுடுகாட்டுக்கு ஆம்பளைகதான். மில்லு வாசல்ல ஒரு ஸ்பீடு பிரேக்கர், சென்றாயனே போட்டது, லாரிக்காரன் வேகமா வாரான்னு. வண்டிய நிப்பாட்டுனேன். பின்சக்கரம் ரெண்டும் மேட்டு மேல நின்னுருச்சு. தங்கமாயன் போட்டோக்காரனைக் கூப்புட்டு, சித்தப்பு மொகம் நல்லா விழணும், நெத்திக்கட்டை அவுறான்னான். அவுத்துட்டாங்க. அவன் வாயாலயே சொன்னான் சார், அதை மறந்துறாதீங்க.

அப்பத்தான் சுருளியம்மா வந்து வண்டிக்குப் பின்னாடி நின்னுச்சு. "எங்கப்பனுக்கு நான்தான் கொள்ளி வைப்பேன்"னுச்சு. ஒரே கூப்பாடு. பொம்பளை சுடுகாட்டுக்கு வாரதான்னு ஒருத்தன், உலகம் கெட்டுப்போச்சுங்குறான் ஒருத்தன். தங்கமாயன் சிரிச்சான். "எங்களை எதுக்குக் கேக்குற? உங்கப்பன்கிட்டக் கேளு. அவரு சரின்னா நானே கொள்ளிக்கொடத்தைத் தூக்கி உன் தோள்ல வைக்கிறேன்"னான். எல்லாவனும் சிரிச்சான்.

அந்தப் பொண்ணு சிரிக்கலை. அண்ணாந்து அவரு மொகத்தைப் பாத்து, "அப்பா, நான் வைக்கட்டுமாப்பா?"ன்னு கேட்டுச்சு.

என்ன நடக்குதுன்னு பாக்க நான் ஜன்னல் வழியாத் தலைய வெளிய நீட்டுனேனா, பிரேக்குல இருந்த காலு லேசா நழுவிருச்சு. பின்சக்கரம் மேட்டுல இருந்து எறங்குச்சு. அம்புட்டுத்தான் சார். நான் பாத்தது பின்மண்டைய மட்டும். ஆமா. ஆமா. ஆமா. தேங்கா ஆடுன அதே ஆட்டம், ஒரு அச்சு மாறலை.

கொட்டு நின்னுபோச்சு. அப்புறம் பொம்பளைக போட்டாங்க பாருங்க கொலவை, மலை வரைக்கும் கேட்டிருக்கும். ஒரு கெழவி வண்டிக்குச் சூடத்தைக் கொளுத்திருச்சு, டீசல் டேங்குக்குப் பக்கத்துல. தங்கமாயன் தொபுக்குன்னு கால்ல விழுந்தான், சித்தப்பு மன்னிச்சிரு சித்தப்புன்னு. அவனே கொடத்தைத் தூக்கி அது தோள்ல வச்சான். அந்தப் பொண்ணுதான் கொள்ளி வச்சுச்சு.

சரி. நல்லது. இப்ப என் வயித்தெரிச்சலைக் கேளுங்க.

மறுநாளு டீக்கடைக்குப் போறேன். சென்றாயன் சத்தியவானாம். செத்தும் பேசுனாராம். சென்றாயன் போட்டோவைச் சட்டம் போட்டு மில்லுல மாட்டி அதுக்கிட்டக் கேள்வி கேக்குறாங்க, பொண்ணு குடுக்கலாமா, போர் போடலாமான்னு. நான் சொல்றேன், "டேய், அது ஸ்பிரிங்குடா. நான் போட்ட ஸ்பிரிங்கு. பட்டைய நான் பிரிச்சு அடுக்குனேன்டா." ஒருத்தன் காது குடுக்கலையே! "பெரியவரு தலையாட்டுனதுக்கு நீ பேரு வாங்கப் பாக்குறியா"ன்னு டீக்கடைக்காரன் கேட்டான் சார். உசுரோட இருந்தப்ப ஒரு நல்ல வார்த்தை சொல்லாத மனுசன், செத்த பின்னாடி என் வேலையையும் தன் பேருல எழுதிக்கிட்டாரு.

ஒரே ஒருத்தன்தான் கேட்டான். தங்கமாயன். வீடு தேடி வந்தான். "குருவண்ணே, அது எப்பிடிண்ணே, வெவரமாச் சொல்லுங்க"ன்னான். என் வேலைய மரியாதையாக் கேட்ட மொத ஆளு. விடுவேனா? வண்டிக்கு அடியில கூட்டிட்டுப் போயி மல்லாக்கப் படுக்க வச்சு, பட்டை, கொக்கி, ஷாக்கு எல்லாம் காட்டுனேன். அவனும் ம், ம், ஆகாண்ணேன்னான். எனக்கு நெஞ்சு நெறஞ்சுபோச்சு. இவனைப் போயித் தப்பா நெனச்சமேன்னுகூட வருத்தப்பட்டேன்.

சாயந்தரம் பாத்தா ஊர்க்கூட்டம் கூட்டிட்டான். தலையாட்டுனது சித்தப்பு இல்ல, வண்டி. குருவையாவே சொல்றாரு. கருமாதியன்னைக்கு உருமாக் கட்டுறதுக்கு முந்தி அதே வண்டியில, அதே சேருல, அதே மேட்டுல ஒரு ஆளை உக்கார வச்சு ஓட்டிப் பாப்போம். தலை ஆடுச்சுன்னா கொள்ளி வச்சது செல்லாது, உருமா எனக்குன்னுட்டான். பெரியாளுகளும் சரின்னுட்டாங்க.

எனக்குச் சந்தோசம் சார். பொய் சொல்லக் கூடாது. ஊரு முன்னாடி என் வேலை நிக்கப் போகுது. வண்டியக் கழுவி, வீலுக்குச் சில்வர் பெயிண்டெல்லாம் அடிச்சேன்.

கருமாதிக்கு மொத நாளு மதியம், மில்லுக்கு மாவரைக்கப் போனேன். முத்துப்பேச்சி அனுப்பிச்சா. மில்லுல ஒரு ஆளில்ல. எல்லாரும் கருமாதி முடியட்டும்னு இருக்காங்க, நெல்லு எந்தப் பக்கம் போகணும்னு பாத்துக்கிட்டு. சுருளியம்மா எம் மாவை அரைச்சுக் குடுத்துச்சு. மோட்டாரை நிப்பாட்டுச்சு. ஏண்ணே இப்பிடிச் சொன்னீங்கன்னு சண்டைக்கு வரும்னு நெனச்சேன். நானும் பதிலுக்கு நாலு வார்த்தை தயாரா வச்சிருந்தேன்.

அது கேட்டது வேற. "அண்ணே, மில்லு போனாப் போகுது. நாளைக்கு யாரு தலையில துண்டு கட்டுனாலும் கட்டட்டும். எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. எங்கப்பா எனக்குச் சரின்னாரா, இல்ல வண்டி ஆடுச்சா? படுக்கையில கெடந்த அத்தனை நாளும் நீ பையனாப் பொறந்திருக்கலாம்னேதான் சொன்னாரு. அன்னைக்கு ஒரு நாளுதான் எனக்குச் சரின்னாரு. அது நெசமாண்ணே?"

எனக்குக் கோவம் வந்துச்சு சார். கேக்குற கேள்வியா இது? மெக்கானிக்கைப் போயிக் கேக்குற கேள்வியா? நான் ஸ்பிரிங்கு, ஷாக்கு, கொக்கின்னு எல்லாத்தையும் வெளக்கமாச் சொல்றதுக்குத்தான் வாயத் தெறந்தேன். "உங்கப்பாதாம்மா"ன்னு வந்துருச்சு. "வண்டி நின்ன எடத்துல அசையவே இல்லம்மா. நான் பிரேக்குல கால வச்சிருந்தேன்"னும் வந்துருச்சு. ஒண்ணு சொன்னாப் பத்தாதா? அந்தப் பொண்ணு மாவுப் பையப் புடிச்சுக்கிட்டு அப்பிடியே உக்காந்து அழுதுச்சு. அதுக்கு மேல அங்கன நிக்க முடியுமா?

அதுக்காக நான் எரக்கப்பட்டேன்னு நெனச்சுறாதீங்க. எனக்கு அந்தக் கொணமே கெடையாது. வீட்டுக்கு வந்தா தங்கமாயன் நிக்கிறான். "அண்ணே, நாளைக்குப் பின்சக்கரத்தைச் சரியா மேட்டு மேல ஏத்தி நிப்பாட்டணும். கிளச்சை இப்பிடி விடுங்க, பிரேக்கை இப்பிடி எடுங்க"ங்குறான். எனக்கு! நாப்பது வருசமா ஸ்டேரிங் புடிக்கிறவனுக்கு அவன் பாடம் எடுக்குறான்! அந்தக் கடுப்புத்தான் சார். வேற ஒண்ணும் இல்ல. அந்தக் கடுப்புலதான் அவன் போனதும் ஜாக்கியப் போட்டேன்.

ஒதுக்கி வச்ச தடிப்பட்டை பூராத்தையும் எடுத்து, பழையபடி அடுக்கி, யூ போல்ட்டை முடுக்குனேன். போதாததுக்குக் கடையில கெடந்த லாரிப் பட்டை ரெண்டையும் சேத்தேன். முடுக்க முடுக்கக் கண்ணுல தண்ணி. வேர்வை சார். வெயிலு. பிள்ளையக் கொண்டு போயிக் கெணத்துல தள்ளுன மாதிரி இருந்துச்சு.

மறுநாளு ஊரே கூடிருச்சு. சேருல உக்கார ஒருத்தனும் வரலை. உசுரோட எவன் உக்காருவான்? கடைசியில தங்கமாயனே ஏறுனான். நெஞ்சைக் கட்டுனாங்க. நெத்தியக் கட்டலை. அவன் என்னையப் பாத்துக் கண்ணடிச்சான். நானும் அடிச்சேன்.

மேட்டுல இருந்து எறக்குனேன் பாருங்க. தலையா ஆடுச்சு? சேரோட ஒரு மொழம் மேல போயி, டொம்முன்னு வந்து உக்காந்தான். நாக்கைக் கடிச்சுக்கிட்டான். "ஆ"ன்னு ஒரு சத்தம். இன்னொருக்கா ஓட்டவான்னு கேட்டேன். வேணாம் வேணாம்னு தலைய ஆட்டுனான் சார், சைடுவாக்குல. அன்னைக்கு அந்தச் சேருல ஆடுன ஒரே ஆட்டம் அதுதான். ஊரு சிரிச்ச சிரிப்பு இருக்கே! அப்பவே மாமன்மாருக சுருளியம்மா தலையில உருமாவைக் கட்டுனாங்க. மில்லுல துண்டு கட்டுற அதே தலைதான்.

எனக்கு என்ன கெடைச்சது தெரியுமா? ஸ்பிரிங்குக் குருவையான்னு பட்டம். புளுகுணிப்பய, செத்த மனுசன் பேரைக் கெடுக்கப் பாத்தான்னு டீக்கடையில எனக்கு டீ தர மாட்டேன்னுட்டான் கொஞ்ச நாளு. முத்துப்பேச்சி இன்னைக்கும் சொல்லுவா, "தேங்காய ஆட்டுனாரு, தேங்காய"ன்னு. நான் சிரிச்சுக்கிட்டே சோத்தைத் திம்பேன். வேற என்ன பண்ணச் சொல்றீங்க?

இனிமே இந்தப் பின்பக்கத்தைத் தொட முடியாது சார். ஒரு பட்டையக் கழட்டுனாலும் எவனாச்சும் ஒருத்தன் தலையாட்டிருவான், அந்தப் பொண்ணு மனசுல மறுபடி சந்தேகம் வந்துரும். அந்த மெல்லிசுப் பட்டைகளைச் சாக்குல சுத்தி வச்சிருக்கேன். மழைக்காலத்துல எடுத்து எண்ணெய் போட்டுத் தொடைச்சு மறுபடி வச்சுருவேன். சுருளியம்மா சொல்லி வச்சிருக்கு, எங்கப்பா போன வண்டியிலதான் நானும் போவேன்னு. அன்னைக்கு மாட்டிருவேன் சார். அது மெத்துன்னு போகட்டும். மேட்டுல தலையாட்டுனாலும் ஆட்டட்டும், யாரு என்ன கேக்கப் போறா.

நான் முன்னாடி போயிட்டாலா? அது சின்னப் பொண்ணு, நான்தான் முன்னாடி போவேன். எனக்கு யாரு பட்டைய மாத்துவா? மாத்தத் தெரிஞ்சவனே நான்தான. குதிச்சுக்கிட்டே போக வேண்டியதுதான்.

இந்தா, கம்பம் வந்துருச்சு. பஸ் ஸ்டாண்டு வாசல்ல ஒரு பெரிய மேடு இருக்கு, கடைசி மேடு, கம்பியப் புடிங்க. அப்பிடித்தான். சார், ஒருவேளை நீங்க என்னைக்காவது இந்தப் பக்கம் வாரப்ப, இதே வண்டியில நான் சேருல உக்காந்து போறேன், எம் பொண்டாட்டி "உசுரு இருக்கு, உசுரு இருக்கு"ன்னு கத்துறான்னு வைங்க. நம்பிறாதீங்க சார். ஸ்பிரிங்குதான்னு ஒரு வார்த்தை நீங்களாச்சும் சொல்லுங்க.